கருத்தடையை நிறுத்துவோருக்கும் ஒரு அட்டை கொடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கருத்தடை தொடங்கும் பெண்ணுக்கு எங்கள் நீலகிரி மலையில் ஓரளவு விளக்கம் கிடைக்கிறது. துணை சுகாதார நிலையத்தில் ரத்த அழுத்தம் பார்க்கிறார்கள். மாத்திரையை எந்த நாளில் தொடங்குவது, மறந்துவிட்டால் என்ன செய்வது என்று சொல்கிறார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை போடும் அந்தரா கருத்தடை ஊசி என்றால் அடுத்த தேதி எழுதிய அட்டையும் உண்டு. நிறுத்துகிற பெண்ணுக்குத்தான் ஒன்றும் கிடையாது. அவள் வருவது நின்றுபோகும், பதிவேட்டில் 'விடுபட்டவர்' என்று ஒரு குறிப்பு விழும், அவ்வளவுதான். அதன் பிறகு மாதவிலக்கு தள்ளிப்போனாலும், முகமெல்லாம் பரு வந்தாலும், சீப்பில் கொத்தாக முடி வந்தாலும் அவளுக்கு யோசனை சொல்வது கைபேசிதான். 'ஹார்மோன் டீடாக்ஸ்', 'கர்ப்பப்பை கிளீன்ஸ்' என்று பெயர் ஒட்டிய டப்பாக்கள் கூரியரில் மலையேறி வருகின்றன. அந்தக் காசுக்கு ஒரு மாதம் முட்டையும் பாலும் வாங்கலாம்.

கழுவி வெளியேற்ற உடலில் எதுவும் தங்கியிருப்பதில்லை. அரசு தரும் மாலா-என் மாத்திரையில் இருப்பது 0.15 மில்லிகிராம் லெவோநார்ஜெஸ்ட்ரல், 0.03 மில்லிகிராம் எத்தினைல் ஈஸ்ட்ராடியால். 21 மாத்திரைகளில் இந்த மருந்து. மீதி 7 வெறும் இரும்புச்சத்து. கடைசி மருந்து மாத்திரை விழுங்கிய சில நாட்களிலேயே கல்லீரலும் சிறுநீரகமும் அதை வெளியேற்றிவிடும். தாமதமாவது வேறு வேலை. மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி இத்தனை நாள் சினைப்பைக்குக் கட்டளை அனுப்பாமல் இருந்தது. அது மறுபடி தொடங்கி, ஒரு முட்டை முதிர்ந்து வெளிவர வேண்டும். இதைப் பவுடர் போட்டு முடுக்க முடியாது.

எதை நிறுத்துகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் காத்திருக்கும் காலம். எல்லாவற்றையும் 'கருத்தடை' என்று ஒரே பெயரில் பேசுவதால்தான் பாதிக் குழப்பம். மாத்திரையை நிறுத்தினால் இரண்டு முதல் ஏழு நாட்களுக்குள் ஒரு ரத்தப்போக்கு வரும். அது மருந்து நின்றதால் வருவது. உண்மையான மாதவிலக்கு என்று கணக்கில் வைக்கக் கூடாது. முதல் நிஜமான மாதவிலக்கு பெரும்பாலும் நான்கு முதல் ஆறு வாரத்தில் வரும், சிலருக்கு மூன்று மாதம் வரை ஆகலாம். ஆனால் முட்டை வெளியாவது மாதவிலக்குக்கு முன்பே நடக்கிறது. இரண்டு வாரத்திலேயே நடந்துவிடலாம். 'இன்னும் தூரமே வரவில்லை, அதனால் பயமில்லை' என்று இருப்பவர்கள்தான் எதிர்பாராமல் கர்ப்பமாகிறார்கள். குழந்தை வேண்டாம் என்றால் நிறுத்திய அன்றே ஆணுறையோ வேறு முறையோ கைவசம் இருக்க வேண்டும்.

அந்தரா அப்படியல்ல. 150 மில்லிகிராம் மருந்து தசைக்குள் தங்கி மெதுவாகக் கரைவது. மூன்று மாதம் பாதுகாப்பு என்றால் மூன்று மாதத்தில் தீர்ந்துவிடும் என்று அர்த்தமில்லை. கடைசி ஊசியிலிருந்து கணக்கிட்டால் கருத்தரிக்க ஏழு முதல் பத்து மாதம் ஆவது சகஜம், சிலருக்கு அதற்கும் மேல். இடையில் சொட்டுச் சொட்டாக ரத்தம் படும், அல்லது மாதக்கணக்கில் ஒன்றுமே வராது. போட்ட ஊசியைத் திரும்ப எடுக்க முடியாது. எந்தக் கஷாயமும் அதை விரைவாக்காது. ஆகவே அடுத்த வருடம் குழந்தை வேண்டும் என்று நினைப்பவர் இந்த வருடமே ஊசியிலிருந்து மாறிவிடுவது நல்லது. கருப்பையில் பொருத்தும் காப்பர் டி-யில் ஹார்மோனே இல்லை. எடுத்த மாதமே கருத்தரிக்கலாம். அதை எடுத்த பிறகு 'ஹார்மோன் சரிசெய்ய' மருந்து வாங்குவதைப் போன்ற வீண்செலவு வேறில்லை. சாயா என்ற கருத்தடை மாத்திரையும் ஹார்மோன் வகை அல்ல, லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனத்தில் உருவானது. உடலில் கொஞ்சம் நாள் தங்குவதால் நிறுத்திய பின் ஓரிரு சுழற்சி நீளலாம்.

மாத்திரையை அட்டை முடிந்த பிறகு நிறுத்துவதே வசதி, ரத்தப்போக்கு எப்போது வரும் என்பது தெரியும். பாதி அட்டையில் விட்டாலும் உடலுக்குக் கேடில்லை. ஆனால் அதற்கு முந்தைய வாரத்தில் உறவு இருந்திருந்தால் கருத்தரிக்க வாய்ப்புண்டு. இன்னொன்றும் நடக்கிறது. நிறுத்திய முதல் இரண்டு மாதத்தில் கோயில், கல்யாணம் என்று மாதவிலக்கைத் தள்ளிப்போட மெடிக்கல் ஷாப்பில் நோரெதிஸ்டிரோன் என்ற ஹார்மோன் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள். அப்புறம் சுழற்சி குழம்பிவிட்டது என்றால் எது காரணம் என்று மருத்துவருக்கே பிடிபடாது. குறைந்தது மூன்று சுழற்சியாவது அதன் போக்கில் விடுங்கள்.

இனி சாப்பாடு. இங்கேதான் இயற்கையாக நாமே செய்யக்கூடிய வேலை அதிகம் இருக்கிறது, அதைத்தான் யாரும் டப்பாவில் போட்டு விற்பதில்லை.

மாத்திரையில் இருக்கும்போது ரத்தப்போக்கு குறைவு. நிறுத்தியதும் பழைய அளவுக்குத் திரும்பும், அதாவது மாதாமாதம் இழக்கும் இரும்பும் கூடும். ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. நிறுத்தும்போது ஒரு தடவையும் மூன்று மாதம் கழித்து ஒரு தடவையும் பார்த்துவிட வேண்டும். எங்கள் ஊரில் இரும்புச்சத்துக்குப் பெரிய எதிரி நாங்களே பறிக்கும் தேயிலை. கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் காலையில் சாப்பிட்ட கையோடு சுடச்சுட டீ குடிப்பார்கள், பத்து மணிச் சோற்றோடும் டீ. தேயிலையின் டானின், கீரையிலும் ராகியிலும் உள்ள இரும்பைப் பிடித்துக்கொண்டு குடலில் ஏறவிடாது. டீயை விடச் சொல்லவில்லை. மலையில் அது நடக்காது. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பும் சாப்பிட்ட பின் இரண்டு மணி நேரமும் இடைவெளி விட்டால் போதும். இரும்பு மாத்திரைக்கும் அதே கணக்கு. பாலோடும் கால்சியம் மாத்திரையோடும் சேர்த்து விழுங்கக் கூடாது. மாத்திரை வயிற்றைப் பிரட்டினால் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு போடலாம். கூடவே ஒரு நெல்லிக்காய், அரை எலுமிச்சை, ஒரு கொய்யா, எது கிடைக்கிறதோ அது.

கால்சியம் நாளைக்கு 1000 மில்லிகிராம் வேண்டும். அந்தரா போட்டவர்களுக்கு இது முக்கியம், ஏனென்றால் அந்த ஊசி எலும்பின் அடர்த்தியைக் கொஞ்சம் குறைக்கும். நிறுத்திய பிறகு திரும்ப ஏறும், ஏற சரக்கு வேண்டாமா? ராகி மாவு நூறு கிராமில் சுமார் 350 மில்லிகிராம் இருக்கிறது. ஹட்டிகளில் (படுகர் ஊர்களில்) பழைய பெண்கள் தினமும் தின்ற ராகிக் களியும் அவரைக் குழம்பும் இன்றைக்கு எந்த 'ஹார்மோன் டயட்'டுக்கும் குறைந்ததல்ல. புரதமும் அதில் இருக்கிறது. ரேஷன் அரிசி வந்த பிறகு அது வாரத்துக்கு ஒரு நாள் சமையலாகிவிட்டது. முளைகட்டி அரைத்த ராகி என்றால் சத்து இன்னும் நன்றாக உடலில் சேரும். பால் அல்லது தயிர் இரண்டு தம்ளர், சந்தையில் கிடைக்கும் நெத்திலிக் கருவாடு முள்ளோடு. ஜூன் முதல் செப்டம்பர் வரை மூடுபனியிலும் மழையிலும் ஸ்வெட்டரோடு இருப்பவர்களுக்கு வைட்டமின் டி குறைவது வழக்கம். ரத்தப் பரிசோதனையில் குறைவு என்று வந்தால் மருத்துவர் எழுதும் 60,000 யூனிட் மாத்திரை வாரத்துக்கு ஒன்று. அதைத் தினம் ஒன்று என்று விழுங்கிவிட்டு வாந்தியும் மலச்சிக்கலுமாக வருகிறவர்கள் உண்டு. அட்டையிலேயே கிழமையை எழுதி வையுங்கள்.

உப்பைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும். தொடர் மழையில் நனையும் மலைச்சரிவுகளில் மண்ணில் உள்ள அயோடின் கரைந்து இறங்கிவிடும், அதனால் தோட்டத்துக் காய்கறியை நம்பி அயோடின் கணக்குப் போட முடியாது. சாதாரணமாக நாளைக்கு 150 மைக்ரோகிராம் தேவை, கர்ப்பத்தில் 250. குறைந்தால் தைராய்டு தளரும். தைராய்டு தளர்ந்தால் மாதவிலக்கு தள்ளும், முட்டை வெளியாவது தடைபடும், பழியோ நிறுத்திய மாத்திரைமேல் விழும். இந்த நேரம் பார்த்துத்தான் 'இயற்கை' என்று இந்துப்புக்கும் கல்லுப்புக்கும் மாறுகிறார்கள். இந்துப்பில் தேவையான அயோடின் கிடையாது. பாக்கெட்டில் சிரிக்கும் சூரியன் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டுக்கு வரும் உப்பில் பத்து லட்சத்தில் 15 பங்காவது அயோடின் இருக்க வேண்டும் என்பது விதி. வாங்கிய உப்பை நாங்கள் வைத்திருக்கும் விதமும் சரியில்லை. மழைக்காலத்தில் உப்பு நசநசத்துப் போகிறது என்று ஜாடியைத் திறந்தபடி அடுப்பு மேடையில், விறகடுப்புச் சூட்டின் பக்கம் வைக்கிறோம். ஈரமும் சூடும் சேர்ந்தால் அயோடின் பறந்துவிடும். சிறிய பாக்கெட்டாக வாங்கி, காற்றுப் புகாத டப்பாவில் அடுப்பை விட்டுத் தள்ளி வைத்து, குழம்பு இறக்கும் நேரத்தில் போடுவதே முறை. முட்டைக்கோஸ், நூல்கோல், முள்ளங்கி தின்றால் தைராய்டு கெடும் என்று ஒரு பேச்சு இருக்கிறது. ஊட்டிக் காய்கறியை விளைவிக்கிற நாமே அதைக் கண்டு பயப்படலாமா? சமைத்துச் சாப்பிடும் அளவில், உப்பில் அயோடின் இருக்கும் வரை, பயமில்லை.

குழந்தைக்காக நிறுத்துகிறவர்கள் போலிக் அமிலம் 400 மைக்ரோகிராம் தினமும், கருத்தரிப்பதற்குக் குறைந்தது ஒரு மாதம், முடிந்தால் மூன்று மாதம் முன்பே தொடங்க வேண்டும். சிசுவின் தண்டுவடம் கருத்தரித்த நான்கு வாரத்துக்குள் மூடிவிடுகிறது. நாள் தள்ளி, சோதித்து, மருத்துவமனைக்கு வரும்போது அந்த வேலை முடிந்திருக்கும். வாரம் ஒன்று என்று தரும் சிவப்பு இரும்பு மாத்திரையில் 500 மைக்ரோகிராம் போலிக் அமிலம் இருக்கிறது, ஆனால் அது ஒரு வாரத்துக்கு. தினசரித் தேவைக்கு அது போதாது. கடையில் பெரும்பாலும் கிடைப்பது 5 மில்லிகிராம் மாத்திரை. அந்த அளவு சர்க்கரை நோயாளிகள், வலிப்பு மருந்து சாப்பிடுவோர், முந்தைய குழந்தைக்குத் தண்டுவடக் குறை இருந்தவர்கள் போன்றோருக்கு. மருத்துவர் சொன்னால் எடுக்கலாம்.

பழங்குடிக் குடும்பங்களுக்கு இன்னொரு பரிசோதனை முந்த வேண்டும். நீலகிரிப் பழங்குடியினரிடம் அரிவாள் செல் ரத்தசோகை மரபு இருப்பது 1952-லேயே பதிவானது. கணவன் மனைவி இருவருமே அந்த மரபைத் தாங்கியிருந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு, குழந்தைக்கு நோய் வரும் வாய்ப்பு. 2023-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் இந்தப் பரிசோதனை இலவசம். நோய் உள்ளவர்கள் 'ரத்தம் குறைவு' என்ற ஒரே காரணத்துக்காக இரும்பு மாத்திரையைத் தாங்களாகத் தொடங்கக் கூடாது. அடிக்கடி ரத்தம் ஏற்றியவர் உடலில் இரும்பு ஏற்கெனவே கூடுதலாக இருக்கலாம். உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனை பார்த்துத்தான் முடிவு.

பருவும் முடி உதிர்வும் பலரை அலைக்கழிக்கின்றன. மாத்திரையின் ஈஸ்ட்ரோஜன், ஆண் ஹார்மோனைக் கட்டிவைக்கும் ஒரு புரதத்தைக் கல்லீரலில் அதிகமாகச் சுரக்க வைத்திருந்தது. நிறுத்தியதும் அந்தப் புரதம் குறையும், கட்டு அவிழ்ந்த ஹார்மோன் எண்ணெய்ச் சுரப்பியைத் தூண்டும். நிறுத்திய மூன்று முதல் ஆறு மாதத்தில் பரு உச்சத்துக்கு வந்து பிறகு தணியும். 2.5 சதவீத பென்சாயில் பெராக்சைடை இரவில் மெல்லியதாகத் தடவலாம். கருத்தரிக்க முயல்பவர்கள் ட்ரெட்டினாயின், அடாபலீன் களிம்புகளைத் தவிர்க்க வேண்டும், ஐசோட்ரெட்டினாயின் மாத்திரையைத் தொடவே கூடாது. கடைக்காரர் கொடுக்கும் 'சிகப்பழகு' களிம்பில் பீட்டாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு இருக்கிறதா என்று பொடி எழுத்தைப் படியுங்கள். முதல் வாரம் முகம் பளபளக்கும், பிறகு பரு இரண்டு மடங்காகும். முடி உதிர்வு இரண்டு மூன்று மாதம் கழித்துத் தொடங்கி, பெரும்பாலும் ஆறு மாதத்தில் நிற்கும். நிற்காவிட்டால் ஃபெரிட்டினும் தைராய்டும் பார்க்க வேண்டும்.

மாத்திரை தொடங்குவதற்கு முன்பே மாதவிலக்கு ஒழுங்கில்லாமல் இருந்து, அதற்காகவே மாத்திரை கொடுக்கப்பட்டிருந்தால், நிறுத்தியதும் அதே ஒழுங்கின்மை திரும்பும். மாத்திரை பி.சி.ஓ.எஸ் என்ற சினைப்பைக் கோளாறைக் குணமாக்கவில்லை, மறைத்து வைத்திருந்தது. இவர்களுக்கு எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே பலருக்குச் சுழற்சி திரும்புகிறது. எதிர்ப்பக்கமும் உண்டு. உயரத்துக்கேற்ற எடைக்குறியீடு 18.5-க்குக் கீழே, காலை வெறும் டீ, சரிவில் கூடை சுமந்து ஏறி இறங்கும் பெண்ணுக்கு உடல் தானாகவே மாதவிலக்கை நிறுத்திவைக்கும். அவளுக்குத் தேவை இரண்டாவது கரண்டிச் சோறும் பருப்பும். அவளிடம் போய் சர்க்கரையைக் குறை, எண்ணெயைக் குறை என்று சொல்லும் காணொளிகள் கெடுதல்தான் செய்கின்றன.

விதைச் சுழற்சி என்று ஒன்று பரவியிருக்கிறது: முதல் பதினான்கு நாள் ஆளி விதை, பூசணி விதை, அடுத்த பதினான்கு நாள் எள், சூரியகாந்தி. தின்னலாம், நல்ல உணவுதான். பதினைந்தாம் நாள் விதையை மாற்றினால் ஹார்மோன் மாறும் என்பதற்கு ஆதாரம் போதாது. நொச்சி விஷயம் அப்படி விட்டுவிடக் கூடியதல்ல. வெளிநாட்டுக் காணொளிகளில் வைடெக்ஸ் என்று சொல்வது வேறு செடி. நம் வேலியோரத்து நொச்சி அதே பேரினத்தைச் சேர்ந்த இன்னொரு வகை. ஆவி பிடிக்க நல்லது. அதை அரைத்து மூன்று மாதம் குடிப்பதற்கு அந்தக் காணொளி அத்தாட்சியாகாது. அசல் வைடெக்ஸ்கூட பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் ஹார்மோனைப் பாதிக்கும். கருத்தரிப்பு சிகிச்சையில் இருப்பவர்கள் எடுக்கக் கூடாது. அஸ்வகந்தா தைராய்டு ஹார்மோனைக் கூட்டலாம், கர்ப்பத்தில் ஆகாது. நாட்டு மருந்து வேண்டும் என்பவர்கள் அரசு மருத்துவமனையின் சித்தா பிரிவுக்குப் போகலாம். பெயர் தெரியாத பொடியை மட்டும் வாங்க வேண்டாம், ஈயமும் பாதரசமும் கலந்த பொடிகள் புழக்கத்தில் உண்டு.

முட்டை வெளியாகிறதா என்று வீட்டிலேயே கவனிக்க முடியும். வெள்ளைக்கரு போல இழுத்தால் நீளும் கசிவு அந்த நாட்கள் நெருங்கியதைக் காட்டும். வெளியான பிறகு காலை உடல் வெப்பம் சுமார் அரை டிகிரி ஃபாரன்ஹீட் ஏறி, அடுத்த மாதவிலக்கு வரை இறங்காது. டிசம்பர், ஜனவரி உறைபனிக் காலையில் இந்த அளவு எளிதில் தவறும். எழுந்து, கதவைத் திறந்து, சூடாக ஒரு வாய் காப்பி குடித்த பிறகு வைத்தால் வருவது காப்பியின் வெப்பம். தெர்மாமீட்டர் தலையணை அருகே இருக்கட்டும். கம்பளிக்குள் இருந்தபடியே, பேசாமல், வாயை மூடி நாக்கின் அடியில் வைத்து, தினம் அதே நேரத்தில் எழுதுங்கள். நிறுத்திய முதல் மூன்று சுழற்சிகளில் இதையோ நாள் கணக்கையோ கருத்தடையாக நம்ப வேண்டாம்.

பரிசோதனைக்கும் நாள் உண்டு. சினைப்பையைத் தூண்டும் எப்.எஸ்.எச்., எல்.எச். ஹார்மோன்களைப் பார்ப்பது மாதவிலக்கின் இரண்டாம் மூன்றாம் நாள். புரோஜெஸ்ட்டிரோன் அடுத்த மாதவிலக்குக்கு ஏழு நாள் முன்பு. எல்லோருக்கும் 21-ம் நாள் அல்ல, 35 நாள் சுழற்சிக்கு 28-ம் நாள். முட்டை இருப்பைக் காட்டும் ஏ.எம்.எச். அளவு மாத்திரையால் குறைவாகக் காட்டலாம், நிறுத்தி மூன்று மாதம் கழித்துப் பார்ப்பது நல்லது. மஞ்சூரிலிருந்தும் கொலக்கம்பையிலிருந்தும் பஸ் பிடித்து லேபுக்கு வந்து, தப்பான நாளில் ரத்தம் கொடுத்து, வந்த எண்ணைப் பார்த்து அழுகிறவர்கள் இருக்கிறார்கள்.

மாத்திரை நிறுத்தி மூன்று மாதம் மாதவிலக்கு வராவிட்டால் முதலில் கர்ப்பப் பரிசோதனை. செவிலியரிடம் கிடைக்கும் நிச்சய் கிட் போதும், காலை முதல் சிறுநீரில். கர்ப்பம் இல்லையென்றால் தைராய்டுக்கான டி.எஸ்.எச்., புரோலாக்டின், ஸ்கேன். அந்தராவுக்குக் கடைசி ஊசியிலிருந்து ஒரு வருடம். மணிக்கு ஒரு நாப்கின் நனையும் ரத்தப்போக்கு, மார்பில் பால் கசிவு, ஒரு பக்க அடிவயிற்று வலியோடு நாள் தள்ளல், ஒரு காலில் மட்டும் வீக்கம், திடீர் மூச்சுத்திணறல் என்றால் காத்திருக்கக் கூடாது. மாத்திரையால் வரும் ரத்தக்கட்டு ஆபத்து நிறுத்திய பிறகும் சில வாரம் நீடிக்கும்.

மாவட்ட சுகாதாரத் துறைக்கு எங்கள் கோரிக்கை பெரிய செலவு பிடிக்காதது. அந்தரா அட்டையின் பின்பக்கமும், மாலா-என் கொடுக்கும் போது தரும் சீட்டிலும், நிறுத்திய தேதி எழுத ஓர் இடம், மூன்றாம் மாதம் ஹீமோகுளோபினும் ரத்த அழுத்தமும் பார்க்க வர வேண்டிய தேதி, அவசர அறிகுறிகள், 104 என்ற சுகாதார உதவி எண். 'விடுபட்டவர்' என்று எழுதும் கட்டத்தில் 'நிறுத்தினார், காரணம்' என்று எழுதலாம். அச்சடிக்க நிதி இல்லையென்றால் துணை சுகாதார நிலையத்துக்கு ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செய்து கொடுத்தாலும் போதும்.

இப்படிக்கு,
குன்னூர், கோத்தகிரி பகுதிகளில் பணியாற்றி ஓய்வு பெற்ற கிராம சுகாதார செவிலியர்கள் சிலர்